பங்களாக்காரம்மா காரின் பின்சீட்டு

நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாமக்கல்லில் வண்டி என்றால் லாரி. "வண்டி வந்திருச்சா?" என்று எந்த வீட்டில் கேட்டாலும் லாரியைத்தான் கேட்கிறார்கள். எங்கள் வீட்டுக்கும் அப்பாவின் பட்டறைக்கும் நடுவே ஒரு வேப்பமரமும் ஒரு தண்ணீர்த் தொட்டியும்தான் இருந்தன. சுத்தியல் சத்தத்தில் எழுந்து சுத்தியல் சத்தத்தில் சோறு தின்று வளர்ந்தவள் நான். அதனால்தான் எனக்குத் தொண்டை பெரிது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

போன மாதம் தம்பி மகன் தன் போனில் ஒரு வீடியோ காட்டினான். எங்கோ சீமையில் ஒருவர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு ஒரு பழைய இங்கிலாந்துக் காரின் தோல் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். பஞ்சை எண்ணெயில் தொட்டு விரிசல் விரிசலாகத் துடைத்தார். கிழிந்திருந்த ஓர் இடத்தில் உள்பக்கமாக ஒட்டுப் போட்டுவிட்டு, மேலே கிழிசல் தெரியும்படியே விட்டுவிட்டார்.

"பாருங்க அத்தை, உள்ள எதையும் மாத்தாம வெச்சிருந்தாத்தான் இந்த மாதிரிக் காருக்கு மரியாதையாம்," என்றான் அவன்.

கண் எரிகிறது என்று சொல்லி எழுந்து உள்ளே போய்விட்டேன். கண்ணெல்லாம் எரியவில்லை. வெட்கமாக இருந்தது. அப்பா உயிரோடு இருந்தவரை இந்த வெட்கத்தை நான் வெளியே காட்டியதில்லை. அவர் போன பிறகும் பெற்றவரைப் பற்றி இப்படியெல்லாம் பேசலாமா என்று வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். உங்களிடம் சொல்லலாம் என்று இப்போது தோன்றுகிறது. நீங்களும் பெற்றவர்களைப் புதைத்தவர்கள்தானே.

அப்பாவின் தொழில் லாரிக்குப் பாடி கட்டுவது. கம்பெனியிலிருந்து சேசிஸ் மட்டும் வரும். இன்ஜின், சக்கரம், ஸ்டியரிங், அவ்வளவுதான். மேலே கூரைகூட இருக்காது. ஓட்டி வருகிறவர் ஒரு பலகைப் பெட்டியில் உட்கார்ந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வழிநெடுகப் புழுதி தின்றுகொண்டு வந்து சேருவார். அதற்கு மரத்தில் சட்டம் போட்டு, தகரம் அடித்து, கேபின் கட்டி, தேங்காய் நார் திணித்து ரெக்சின் சீட்டுத் தைத்து, பெயின்ட் அடித்து அனுப்புவது அப்பாவின் வேலை.

பாடி கட்ட வருகிறவர்கள் படம் கிடம் எதுவும் கொண்டுவர மாட்டார்கள். பட்டறையில் வேலை முடிந்து நிற்கிற ஒரு லாரியைக் கைகாட்டி, "அப்படியே பண்ணிக் குடுத்துருங்க" என்பார்கள். அப்பா தலையாட்டுவார். எங்கள் பட்டறையில் 'அப்படியே' என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். இதைப் பார்த்து, இதே மாதிரி, புதிதாக. ஓர் ஆணி இடம் மாறாது. அந்தச் சொல்லைக் காப்பாற்றியே பேர் வாங்கிய மனிதர் அப்பா.

நான் நான்காம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறையில் அந்தக் கார் வந்தது. மோகனூர்ப் பக்கம் ஆற்றோரத்தில் கரும்புத் தோட்டமும் ஒரு பெரிய வீடும் வைத்திருந்த ஓர் அம்மாவின் கார். அந்த வீட்டை ஊரில் பங்களா என்பார்கள். அவரைப் பங்களாக்காரம்மா என்பார்கள். வீட்டுக்காரர் இறந்து ரொம்ப நாளாகியிருந்தது. அந்த அம்மாவின் மாமனார் காலத்தில் வெள்ளைக்காரத் துரை ஒருவரிடமிருந்து வாங்கிய இங்கிலாந்துக் கார் அது. கறுப்பு நிறம். முன்பக்கம் கோயில் கதவு அகலத்துக்கு இருக்கும்.

அந்த அம்மாவைப் பற்றி எங்கள் வீட்டில் நல்லவிதமாகப் பேசி நான் கேட்டதில்லை. "அத்தன தோட்டம் இருக்குது, ஒரு சீட்டு மாத்தறதுக்கு மனசு வருதா பாரு. கஞ்சப் பிசினாறி," என்பார் பெரியப்பா. கஞ்சம் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தோன்றியது. வேறு காரணம் இருக்கலாம் என்று யாரும் நினைக்கவில்லை.

அவரே டிரைவரோடு பட்டறைக்கு வந்திருந்தார். வெளுத்துப்போன நூல் சேலை, வெறும் கழுத்து. நிழலில் நாற்காலி போட்டும் உட்காரவில்லை. காரின் பின்கதவைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"கூரை ஒழுகுதுங்க. கீழ பலகை இத்துப்போச்சு. அது மட்டும் பாத்துக் குடுங்க. உள்ள இருக்கறது அப்படியே இருக்கோணுங்க."

"அதுக்கென்னங்க, அப்படியே பண்ணிப்போடலாம். வித்தியாசமே தெரியாதுங்க," என்றார் அப்பா.

அந்த அம்மா நிம்மதியாகத் தலையாட்டினார். அப்பாவும் தலையாட்டினார். அந்த அம்மா கோயமுத்தூரில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். டிரைவர் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குச் சேந்தமங்கலத்தில் இருந்த தன் ஊருக்குப் போய்விட்டார். கார் எங்கள் பட்டறையில் லாரிகளுக்கு நடுவே நின்றது.

முதல் சில நாட்கள் அதை யாரும் தொடவில்லை. லாரி வேலை தலைக்கு மேல் இருந்தது. அந்த நாட்கள் எனக்குத்தான். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினால் சுத்தியல் சத்தம் பாதியாகிவிடும். உள்ளே ஒரு வாசனை. பழைய தோல், மெழுகு, எப்போதோ யாரோ பிடித்த சுருட்டு, கொஞ்சம் மருந்து நெடி. எல்லாம் கலந்து கிடக்கும். சீட்டின் தோல் பேரீச்சம்பழ நிறம். உட்காருகிற இடத்தில் வெளுத்து, மடிப்புகளில் விரிந்து, தொட்டால் வழவழவென்று இருக்கும். முன்சீட்டின் முதுகில் ஒரு மரப்பலகை. கொக்கியைத் தள்ளினால் அது மேசையாக விரியும். நான் அதன் மேல் புளியங்கொட்டைகளைப் பரப்பிக்கொண்டு, யாருக்கோ விருந்து வைப்பேன்.

பின்சீட்டில் இடது பக்கம், கதவை ஒட்டிக் கீழே, ஊசியாலோ ஆணியாலோ கீறிய ஒரு கோலம் இருந்தது. நாலு புள்ளிக் கோலம். மூன்று பக்கம் வளைவு முடிந்திருந்தது, நாலாவது பக்கம் கோடு வரவில்லை. சாய்ந்து படுத்தால் என் விரலுக்குச் சரியாக எட்டும் இடம். யாரோ என் உயரத்துக்காரி என்று மட்டும் நினைத்துக்கொண்டு, விரலால் அந்தக் கோட்டில் ஓடிக்கொண்டிருப்பேன்.

பிறகு வேலை ஆரம்பித்தது. கீழ்ப்பலகையை மாற்ற சீட்டை எடுத்தார்கள். எடுத்த சீட்டைக் குஷன்காரர் புரட்டிப் பார்த்தார். எங்கள் பட்டறைக்குச் சீட்டுத் தைக்கிறவர் அவர்.

"மொதலாளி, இந்தத் தோலு அடுத்த மழைக்குத் தாங்காதுங்க. இதையே மறுக்கா வெக்கறதுங்களா?"

"அந்தம்மா என்ன சொன்னாங்க? அப்படியே வேணும்னாங்க. அப்ப அப்படியே புதுசா அடிச்சுப் போடு. ஒரு தையல் கூடக் கொறையக் கூடாது, பாத்துக்க."

பழைய சீட்டைக் கிழித்தபோது உள்ளே குதிரை முடி வந்தது. பட்டறையே சிரித்தது. தேங்காய் நார் கிடைக்காத ஊரில் பாவம் வெள்ளைக்காரன் என்ன செய்வான் என்று பெயின்டர் கேட்டார். அந்த முடி காற்றில் பறந்து எல்லோரும் தும்மினார்கள். மிச்சத்தைச் சிட்டுக்குருவிகள் கொத்திக்கொண்டு போயின. கூரையின் உள்பக்கம் ஒட்டியிருந்த கம்பளித் துணியை உரித்தார்கள். வெடித்திருந்த மரப்பலகைகளைக் கழற்றி, அதே அளவில் தேக்குப் பலகை அறுத்து, மரநிற மைக்கா ஒட்டினார்கள். அப்பா நூல் பிடித்து அளந்து அளந்து செய்யவைத்தார். சேலத்துக்கு ஆள் அனுப்பி, அதே பேரீச்சம்பழ நிறத்தில் ரெக்சின் தேடி வாங்கிவந்தார். சும்மா சொல்லக்கூடாது, அப்படி மனசு வைத்து அவர் எந்த லாரிக்கும் செய்ததில்லை. பெயின்டர் மட்டும் கை சும்மா இராமல் கதவின் உள்பக்கம் ஒரு சின்னத் தாமரை எழுதிவிட்டார்.

அந்தக் கோலம் இருந்த தோலைப் பிடித்துக்கொண்டு நான் அழுதிருக்கிறேன். அம்மா சொல்லித்தான் தெரியும். அப்பா அதைப் பார்த்துவிட்டுக் குஷன்காரரைக் கூப்பிட்டார். "அம்மிணி அதுலயேதான் படுத்துக் கெடந்துச்சு. அதுக்கு ஒரு ஸ்கூல் பை தெச்சுக் குடு," என்றார். கோலம் மூடியின் நடுவே வரும்படி வெட்டித் தைத்த பை வந்தது. தோளில் மாட்ட வார், பித்தளைக் கொக்கி. அப்பா எனக்காக யோசித்துச் செய்த பொருள் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். அதுதான் கஷ்டம்.

மீதித் தோலை ஆளாளுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் செருப்புக்கு, ஒருவர் கொல்லுப்பட்டறைத் துருத்திக்கு ஒட்டுப் போட, ஒருவர் இடுப்பு வாருக்கு. வைகாசி முடிவதற்குள் அந்தக் காரின் உள்பக்கம் ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது.

காரை எடுக்க டிரைவர் வந்தபோது நானும் வேப்பமரத்தடியில் நின்றேன். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே பின்கதவைத் திறந்துவிட்டார்.

"பாருப்பா. அப்படியே இருக்குதா?"

டிரைவர் தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். வெளியே எடுக்க நேரமாயிற்று.

"அப்படியேதானுங்க இருக்குது. அது எங்கீங்க?"

"எது?"

"இங்க இருந்ததுங்க."

"பழசா? அது எதுக்குப்பா இனி?"

டிரைவர் பின்கதவைச் சாத்தினார். காரை எடுத்துக்கொண்டு போனார். "ஒரு நல்ல வார்த்தை சொல்ல வாய் வருதா பாரு, எசமானியாட்டமே டிரைவரும்," என்று அப்பா சாப்பிடும்போது சொன்னார்.

பள்ளிக்கூடம் திறந்தது. மற்றப் பிள்ளைகளிடம் காக்கித் துணிப் பையும் வயர்க் கூடையும்தான் இருந்தன. என் பையை எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி தன் பல்பத்தைக் கொடுத்து, ஒரு நாள் மாட்டிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டாள். நான் தரவில்லை. ராணி மாதிரி நடந்தேன்.

அப்படி நடந்து வந்த ஒரு சாயங்காலம், வீட்டு முன்னறையில் பங்களாக்காரம்மா உட்கார்ந்திருந்தார். காரில் வரவில்லை. பஸ்ஸில் வந்திருந்தார். அப்பா எதிரே நின்றுகொண்டிருந்தார். அம்மா கொடுத்த மோர் டம்ளர் அந்த அம்மாவின் கையிலேயே இருந்தது. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவர் குரல் கேட்டது.

"நீங்க நல்லாத்தானுங்க பண்ணியிருக்கீங்க. நான் கொற சொல்ல வரலீங்க. அந்தப் பழைய தோலு மட்டும் இருந்தாக் குடுங்க. துண்டு துண்டா இருந்தாலும் பரவால்லீங்க."

"அதை அன்னைக்கே எரிச்சுப்போட்டமுங்க," என்றார் அப்பா.

ஏன் அப்படிச் சொன்னார் என்று நான் எவ்வளவோ யோசித்துப் பார்த்திருக்கிறேன். வீடுவீடாகப் போய்த் திரும்பக் கேட்கக் கூச்சமாக இருந்திருக்கலாம். தப்பு நடந்துவிட்டது என்று அந்த நிமிஷத்தில் அவருக்கே புரிந்திருக்கலாம். புரிந்ததால்தான் பொய் வந்திருக்கும். 'தெரியாமப் பண்ணிட்டனுங்க' என்று சொல்ல அவருக்கு நாக்கு வராது. யாரிடமும் வந்ததில்லை.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, நான் பையோடு உள்ளே நுழைந்தேன்.

அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. பையைத்தான் பார்த்தார். மோர் டம்ளரைக் கீழே வைத்தார். "இங்க வா சாமி," என்றார். போனேன். பையைக் கழற்றச் சொல்லவில்லை. என் தோளில் தொங்கும்போதே மூடியின் மேல் கையை வைத்தார். விரல் அந்தக் கோட்டில் ஓடியது. நான் ஓட்டுகிற மாதிரியே ஓட்டினார். மூன்று பக்கம் போய், கோடு நின்ற இடத்தில் நின்றது.

"இதை யாரு போட்டா தெரியுமா சாமி? எம்பட புள்ள. சேலம் ஆஸ்பத்திரிக்கு வாரா வாரம் போவோம். படுத்துக்கிட்டே கொண்டை ஊசில இதைப் போட்டா. காரைக் கெடுக்கறயான்னு கையில ஒண்ணு போட்டேன். அதோட ஊசியக் கீழ வெச்சுட்டா. அப்புறம் போடவே இல்லை."

உள்கதவின் பின்னால் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். அப்பா பட்டறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். எரித்துவிட்டோம் என்று சொன்னது அந்த அறையிலேயே நின்றுகொண்டிருந்தது. அந்த அம்மா அதை எடுத்து அப்பாவின் முகத்தில் எறிந்திருக்கலாம். எறிந்திருந்தால் இன்றைக்கு எனக்கு இவ்வளவு கூசாது.

அவர் என்னிடம் கேட்டார். "புதுசா ஒரு பை வாங்கியாந்து தாரேன் சாமி. இதை எனக்குத் தாரீங்களா?"

கவனியுங்கள், நான் நான்காம் வகுப்பு முடித்த பொடிசு. அவர் அவ்வளவு தோட்டத்துக்குச் சொந்தக்காரி. என்னை 'தாரீங்களா' என்று கேட்டார். என் வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"அட, இதைப் போயிக் கேக்கோணுமாக்கும்? எடுத்துக்கங்க. பழைய தோலுதானுங்களே."

சொல்லிக்கொண்டே பையை என் தோளிலிருந்து உருவி, தலைகீழாகக் கவிழ்த்தார். புத்தகம், சிலேட்டு, மீந்த நெல்லிக்காய் எல்லாம் தரையில் விழுந்து உருண்டன. தானம் கொடுக்கிற தோரணையில் பையை நீட்டினார். அந்த அம்மா எழுந்து இரண்டு கையாலும் வாங்கினார். பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அப்பாவைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ரொம்பப் பெரிய உபகாரம் பண்ணீட்டீங்க," என்றார்.

"இருக்கட்டுமுங்க, இருக்கட்டுமுங்க," என்றார் அப்பா.

அந்த அம்மாவின் பொருளை அவரிடமே கொடுத்து அந்தக் கும்பிட்டை வாங்கிக்கொண்டார். எனக்கு அப்போது பை போன துக்கம்தான் பெரிதாக இருந்தது. அந்தக் கும்பிடு உறைத்தது வெகு நாள் கழித்து, நானும் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்த காலத்தில். என் பிள்ளை பிழைத்துக்கொண்டது. பஸ்ஸில் திரும்பி வரும்போது, காரணமே இல்லாமல் அப்பாவின் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

சொன்னபடியே அந்த அம்மா டிரைவரிடம் புதுப் பை கொடுத்தனுப்பியிருந்தார். கடைப் பை, தோல் பை, உள்ளே ஒரு கலர்ப் பென்சில் பெட்டி வேறு. அம்மா அதை எனக்கு மாட்டிவிடவே இல்லை. பரண் மேல் போட்டவர், நான் கேட்டபோதெல்லாம் அடுத்த வருஷம் என்றார். எங்கள் வீட்டில் வெட்கப்பட்ட ஒரே பெரியவர் அம்மாதான் என்று நினைக்கிறேன். அவரும் வாயைத் திறந்து சொன்னதில்லை.

அந்தக் காரில் அந்த அம்மா அதற்குப் பிறகு ஏறவில்லை என்று டிரைவர் எங்கோ சொல்லி, அது எங்கள் காதுக்கு வந்தது. மோகனூர் பஸ்ஸில் கூட்டத்தோடு நின்றுகொண்டு போவாராம். "நாம அவ்வளவு பாடுபட்டுப் பண்ணிக் குடுத்தது ஆவாதாமா? அத்தன திமிரு," என்றார் அப்பா. கொஞ்ச வருஷத்தில் கார் யாருக்கோ கைமாறிப் போயிற்று. அந்த அம்மாவும் காலமானார். எங்கள் வீட்டிலிருந்து துக்கத்துக்கு யாரும் போகவில்லை.

ஆனால் கதை மட்டும் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. உறவுக்காரர்கள் ஒறம்பரையாக வந்து நாலு பேர் கூடினால் அப்பா ஆரம்பித்துவிடுவார். குதிரை முடி வரும், வெள்ளைக்காரன் வருவான், பெயின்டரின் தாமரை வரும், எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிப்போம். கடைசியில் அந்த அம்மாவின் மகள் கோலம் போட்ட பை வரும். "ஒரு பழைய பைக்கு என்னையக் கையெடுத்துக் கும்பிட்டுச்சு அந்த மகராசி. பாவம்னு குடுத்தனுப்பிச்சேன்," என்று முடிப்பார். எரித்துவிட்டோம் என்று சொன்னது அந்தக் கதையில் இராது. கையில் ஒன்று போட்டது இராது. சொல்லச் சொல்ல அப்பா அதில் நல்லவராகிக்கொண்டே போனார். நானும் கூட உட்கார்ந்து சிரித்திருக்கிறேன். பெற்றவர் சொல்லும்போது மகள் சிரிக்காமல் என்ன செய்வாள்?

அப்பாவின் கருமாதி அன்று பந்தியில் உட்கார்ந்திருந்தோம். இலை போட்டாயிற்று. பேச்சு அவர் பெருமைகளைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. பெரியப்பா மகன் அந்தக் கதையை எடுத்தார். அப்பா சொல்கிற மாதிரியே, அதே குரலில், அதே இடங்களில் நிறுத்திச் சொன்னார். "கேக்கறதுக்கு முன்னாடியே எடுத்துக் குடுத்தாரு பாரு, அதுதான் மனசு," என்று முடித்தார். ஆமாம் ஆமாம் என்று நாலைந்து தலைகள் ஆடின.

என் பக்கத்தில் தம்பி மகள் உட்கார்ந்திருந்தாள். அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கதையை அவள் முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான் போலிருக்கிறது. அவள் சிரிக்கவில்லை. "ஏனுங்க பெரீப்பா, அந்தக் கோலம் போட்ட பொண்ணு பேரு என்னங்க?" என்று கேட்டாள்.

பெரியப்பா மகன் தம்பியைப் பார்த்தார். தம்பி என்னைப் பார்த்தான். "பேரா? பங்களாக்காரம்மா புள்ளைன்னுதான் தெரியும்," என்று யாரோ சொன்னார்கள். பரிமாறுகிறவர் குனிந்து என் இலையில் வடையை வைத்துவிட்டுப் போனார்.

"அத்தை, உங்களுக்குத் தெரியுமில்லீங்க?" என்றாள் அவள்.

"தெரியாது சாமி," என்றேன். அதற்கு மேல் என்னால் சாப்பிட முடியவில்லை.

பையை வாங்கிக்கொண்ட அந்தச் சாயங்காலம், பஸ்ஸுக்குக் கிளம்புவதற்கு முன், அந்த அம்மா தரையில் உட்கார்ந்து, சிதறிக் கிடந்த என் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி என் கையில் கொடுத்தார். "உம்பட பேரு என்ன சாமி?" என்று கேட்டார். சொன்னேன். நல்ல பேரு என்றார். திரும்ப அவரிடம் அவர் மகளின் பேரை எங்கள் வீட்டில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.